ஒன்பதாவது பக்கம்

ஒபுரா நியாண்டிகாவைப் போல நிதானமான சர்வேயர் எங்கள் ஏரிக்கரையில் கிடையாது. பதினோரு வருஷம் அவருக்கு அளவுநாடா பிடித்தவன் சொல்கிறேன். அவர் தன் கணக்கைத் தானே சந்தேகித்து ஒரே ஒரு நாள்தான் பார்த்தேன்.

கைம்பெண் அக்குமுவின் நிலத்துக்கு ஒன்பது பக்கம். எட்டை அளந்துவிட்டோம். ஒன்பதாவது, ஆளை மறைக்கும் நாணல் சதுப்புக்குள் போகிறது, உள்ளே நீர்யானைகள். ஒபுரா அதை மட்டும் கணக்குப் போட்டு எடுத்தார். இதில் மாயம் ஒன்றுமில்லை. நிலத்தைச் சுற்றி வந்தால் கிளம்பிய இடத்துக்கே வந்து சேர வேண்டும். வடக்கே போனதெல்லாம் தெற்கே, கிழக்கே போனதெல்லாம் மேற்கே திரும்பியாக வேண்டும். எட்டுப் பக்கம் போக எது குறைகிறதோ அதுதான் ஒன்பதாவது. அந்தத் திசையில் முளை அடித்தோம். கோடு அக்குமுவின் வீட்டையும் அவள் புருஷனின் கல்லறையையும் பக்கத்து நிலத்துக்காரன் ஒகோலாவிடம் தள்ளிவிட்டது.

மறுநாள் காலையிலேயே ஒகோலா வேலிக்கம்பியோடு வந்து நின்றான். மதியம் ஊர்த் தலைவர் சீஃப் வந்து வரைபடத்தில் கையெழுத்துப் போட்டால் முடிந்தது கதை.

"சர்வேயரே, புருஷனை எவளாவது அடுத்தவன் நிலத்துல புதைப்பாளா?" என்றாள் அக்குமு.

"அழுத அழுகையில எல்லை கண்ணுக்குத் தெரிஞ்சிருக்காது, அக்கா," என்று இளித்தான் ஒகோலா. "ஒரு விரக்கடைகூடப் பிசகாம கணக்கு வந்திருக்கு. அவர் வாயாலதான் சொன்னார்."

ஒபுராவுக்கு அப்போதுதான் உறைத்தது. பிசகு எப்படி வரும்? கணக்கைச் சரிக்கட்டித்தானே ஒன்பதாவதையே எடுத்தோம்! மற்ற எட்டில் என்ன தப்பு இருந்தாலும் இதன் தலையில் வந்து விழும், வெளியே தெரியவே தெரியாது.

"அஜூலு," என்றார் என்னிடம், "ஒன்பதாவது பக்கம் முடியற அந்தக் கோடி மூலையில ஒரு கம்பம் நிக்கணும். நாணலுக்கு மேல தெரியணும்."

"நீர்யானைகிட்ட நீங்க சொல்லிட்டீங்களா?"

"நீயே சொல்லிடு. மதியத்துக்குள்ள."

மீனவர்களிடம் இரண்டு பாய்மரக் கம்பங்களை வாங்கி, சேர்த்துக் கட்டி, உச்சியில் சிவப்புத் துணி சுற்றி எடுத்துப் போனேன். நான் வீரன் இல்லை. நீர்யானைத் தடத்தில் சாணம் ஈரம் காயாமல் கிடந்தது. மூலைக்கல்லின் மேல் கம்பத்தை நிமிர்த்திப் பிடித்ததும் பக்கத்திலேயே ஏதோ புஸ்ஸென்று மூச்சு விட்டது. ஓட முடியாது, கம்பம் ஆடினால் அவருக்குக் கருவியில் பிடிபடாது. பிடித்தபடியே நின்றேன். அவர் பார்த்து முடித்து ஊதிய விசில் எப்போது கேட்டது, எப்படி ஓடினேன், தெரியாது.

திரும்பி வந்தபோது ஒபுரா கோணம் பார்க்கும் தியோடலைட்டை விட்டு விலகி நின்றார். குறித்த எண்ணை என்னையும் படிக்கச் சொன்னார். துணி தெரிந்த திசைக்கும் எங்கள் முளைகளுக்கும் ஆறு டிகிரி வித்தியாசம். வீடும் கல்லறையும் நன்றாக அக்குமுவின் பக்கம் இருந்தன.

தப்பு எங்கே என்று தேடினோம். மூன்றாவது பக்கத்தில் ஒரு முழு நாடா நீளம் விட்டுப்போயிருந்தது. நாடா முடியும் இடத்திலெல்லாம் முன்னால் போகிறவர் ஓர் இரும்புக் குச்சி குத்துவார். பின்னால் வருகிறவன் பிடுங்கி எண்ண வேண்டும். பின்னால் வந்தவன் நான்.

சீஃப் வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் ஒபுரா, "தப்பு என்னுது," என்றார்.

அக்குமு கல்லறைப் பக்கம் போய் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அங்கிருந்தே கேட்டாள்: "சர்வேயரே, இந்த மாதிரி நடந்து அளக்காம கணக்குல எடுத்தது நம்ம ஊர்ல வேற இருக்கா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். என்னைத் தவிர யாருக்குத் தெரியும்? இல்லைன்னு சொல்லித் தொலையுங்களேன் என்று மனதுக்குள் கத்தினேன்.

"நாலு இருக்கு," என்றார் ஒபுரா.

"யார் யாரோடது?" என்றான் ஒகோலா.

மூன்று பேரைச் சொன்னார். பிறகு சீஃபைப் பார்த்துத் திரும்பி, "நாலாவது உங்களுது, ஐயா," என்றார்.

சீஃப் கையெழுத்துப் போடாமலே பேனாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டார். அந்த நாலிலும் பின்னால் நடந்து குச்சி எண்ணியவன் நான்தான்.