சிவப்புக்கு இருநூற்றிருபது, பச்சைக்கு ஆயிரம்

எங்கள் அக்காவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியில் இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் தொடர்மாடி அயலவர்களுக்கும் வணக்கம். தங்கை என்ற ஒரே தகுதியில் இதை எழுதுகிறேன். அக்கா இருந்திருந்தால் "நீட்டி முழக்காமல் எழுது" என்றிருப்பார். முயன்று பார்க்கிறேன்.

அக்கா கோண்டாவிலில் எங்கள் பெற்றோரின் மூத்த மகளாகப் பிறந்து, விஞ்ஞான ஆசிரியையானார். இடம்பெயர்ந்து கொழும்புக்கு வந்தபோது கொட்டாஞ்சேனையில் ஓர் அறையில் நாங்கள் இருவரும் ஒதுங்கினோம். பகலில் பள்ளிக்கூடம், பின்னேரம் ரியூசன் என்று ஓடி உழைத்து என்னைப் படிக்க வைத்தவர் அவரே. திருமணத்தின் பின் வெள்ளவத்தைக்குப் போனார். அங்கே சாப்பாட்டு மேசையின் ஒரு பாதி எப்போதும் அவருடைய வயர்களுக்கும் பற்றவைக்கும் ஈயத்துக்கும் உரியதாக இருந்தது. மின்வெட்டுக் காலத்தில் தொடர்மாடிப் படிகளில் எரிந்த எல்இடி விளக்குகள் எல்லாம் அக்காவின் கைவேலைதான். அந்தப் படிகளில் ஏறி இறங்கியவர்களுக்கு இது தெரியும்.

வங்கியில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற அக்காவின் கணவருக்கு, எங்கள் அத்தானுக்கு, காது மந்தமாகியது. காதுக் கருவி அலுமாரிக்குள் தூங்கும். "எனக்கு எல்லாம் கேக்குது, நீங்கள்தான் வாய்க்குள்ள கதைக்கிறியள்" என்பார். அக்கா அவரோடு வாதாடவில்லை. ஹோலில் அவர் கதிரைக்கு எதிரே ஒரு சிவப்பு எல்இடி, சமையலறையில் ஒரு சுவிட்ச். சோறு ஆனதும் அழுத்துவார், அத்தான் வந்துவிடுவார்.

பிறகு பாரிசவாதம் அக்காவின் இடப்பக்கத்தை முடக்கி, குரலையும் வெறும் முணுமுணுப்பாக்கியது. சுவிட்சைக் கட்டிலோடு பொருத்தினோம். உரத்துக் கூப்பிட அக்காவால் முடியாது, கூப்பிட்டாலும் அத்தானுக்குக் கேட்காது. இருவருக்கும் நடுவே இருந்தது அந்த ஒரு விளக்குத்தான்.

மத்தியானத்தில் கடற்பக்கத்து வெயில் ஹோலுக்குள் விழும்போது விளக்குச் சரியாகத் தெரியவில்லை என்று அத்தான் பயந்தார். விளக்கின் பெட்டியை அவர் திறந்தபோது, உள்ளே வயரின் நடுவே நிறக்கோடு போட்ட ஒரு சின்னக் குச்சி. தடையி என்பது அதன் பெயர்; விளக்குக்குப் போகும் மின்சாரத்தை மட்டுப்படுத்துவது அதுதான். "இதுதான் வெளிச்சத்தைக் குடிக்குது" என்று அதை வெட்டி எறிந்துவிட்டு வயரை நேரே முறுக்கிவிட்டார். விளக்கு பளிச்சென்று எரிந்தது. அத்தானுக்குப் பெரிய சந்தோசம். சற்று நேரத்தில் அது கருகிப் போனதை அவர் அறியவில்லை.

அன்று நான் சாப்பாட்டோடு போனபோது அக்கா சுவிட்சை அழுத்தியபடியே அழுதுகொண்டிருந்தார். தண்ணீர் விடாய். அத்தானோ கதிரையில் அசையாமல், செத்த விளக்கையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. ஆனால் விசயம் தெரிந்ததும் அத்தான் குழந்தைபோல் விம்மினார், கோபிக்க எனக்கு இடமே இருக்கவில்லை.

அடுத்த நாள் கட்டிலருகே அத்தான் ஈயம் உருக்க, அக்கா கணக்குச் சொன்னார். அவர் மெல்லச் சொல்வதை நான் உரத்துச் சொன்னேன்.

"போன் சாஜர் அஞ்சு வோல்ற். சிவப்பு ரண்டை எடுக்கும், மிச்சம் மூண்டு. பதினைஞ்சு மில்லி அம்பியர் போகவிட்டாக் காணும். அதால பிரிச்சா இருநூறு. எங்கட டப்பாவில இருநூறு இல்லை. குறைச்சுப் போடக்கூடாது, அடுத்த பெரியதைத்தான் போடோணும். இருநூற்றிருபது ஓம்."

"ஓம் ஓம் எண்டுறீர், எத்தினை எண்டு சொல்லும்!" என்றார் அத்தான், தடையின் அலகான ஓமை 'ஆம்' என்ற ஓமாக எடுத்துக்கொண்டு.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கலியாணம் கட்டின நாளிலயிருந்து நான் சொன்ன ஓம் அதுக்கு மேல வரும். நீங்கள் ஒருக்காச் சொல்லுங்கோ பாப்பம்."

"ஓம்" என்றார் அத்தான், மிகுந்த பணிவோடு.

சிவப்பு, சிவப்பு, கபிலம் என்று கோடு பார்த்து எடுத்துப் பற்றவைத்தார். பிறகு அவராகவே கேட்டார்: "நான் கண்டிட்டன் எண்டு உமக்கு எப்பிடித் தெரியும்?" அப்படித்தான் அக்காவின் அறைக்குப் பச்சை விளக்கு வந்தது. அதன் சுவிட்ச் அத்தானின் கதிரையில்.

"பச்சை மூண்டு வோல்ற் எடுக்கும். மிச்சம் ரண்டுதான், எண்டாலும் ஆயிரம் போடுங்கோ" என்றார் அக்கா. "மங்கலா எரிஞ்சாச் சரி. நீங்கள் வாறியள் எண்டு தெரிஞ்சாக் காணும் எனக்கு."

அதை நாங்கள் 'வாறன் விளக்கு' என்றே அழைத்தோம். இரண்டும் ஒருநாளும் பழுதாகவில்லை. கடைசிக் காலையிலும் சிவப்பு எரிந்தது. அத்தான் பச்சையை அழுத்திவிட்டு ஓடினார். அக்காவின் உயிர் அவர் கையைப் பிடித்தபடியே பிரிந்தது. அதற்காக அந்த இரண்டு சின்னக் குச்சிகளுக்கும் நான் நன்றி சொல்கிறேன்.

அக்காவைக் குளிப்பாட்ட வந்த தாதிக்கும், தேத்தண்ணீரோடு கதவைத் தட்டிய எதிர்வீட்டுச் சிங்கள அக்காவுக்கும், பொரளை மயானம்வரை உடன் வந்த அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றிகள். செத்த வீட்டில் 'வாறன்' என்று சொல்லிப் புறப்படக்கூடாது என்பதால் அன்று நீங்கள் பேசாமல் படியிறங்கினீர்கள். அத்தான் மட்டும் மயானத்துக்கு இறங்குமுன் கதிரைக்குப் போய்ப் பச்சையை அழுத்தினார். "கூடாது" என்று யாரோ தடுத்தார்கள். அவருக்குக் கேட்கவில்லை.

இன்றும் மருந்து வாங்கப் போனாலும் அதை அழுத்தாமல் அவர் வாசல் தாண்டுவதில்லை. சாப்பிட்டுவிட்டு நீங்கள் புறப்படும்போது, அந்தக் கதிரையருகே போய் நீங்களும் ஒருதரம் அழுத்திவிட்டுப் போங்கள்.

அக்காவின் தங்கை