காதுக்குள் ஓர் ஈ

இசைக்குழுவில் அவளை எல்லோரும் ரப்பர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பேர் வைத்தவர் யாரோ, பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார். காதோரம் பென்சில், விரலிடுக்கில் அழிரப்பர், மடியெல்லாம் உதிர்ந்த துகள். ஐம்பத்திரண்டு வயதுக்காரியை வேறு கோலத்தில் பார்த்தவர்கள் கிடையாது. இசையமைப்பவர் தரும் பெரிய தாளில் அறுபது பேர் வாசிக்கவேண்டியது ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக் கிடக்கும். அதை வயலினுக்குத் தனி, செல்லோவுக்குத் தனி என்று பிரித்து முத்துமுத்தாக எழுதிக் கொடுப்பது அவள் வேலை. அதோடு விட்டார்களா? பதிவு நடக்கும்போது கூடத்தின் மூலையில் தாளோடு உட்கார்ந்து, எங்கே பிசகினாலும் கையைத் தூக்கவேண்டும். இருபத்தேழு வருஷமாகத் தூக்கிய கை அது. "அக்கா கை தூக்கலையா? அப்ப சரியாத்தான் இருக்கும்" என்று அறுபது பேரும் நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

பதினாலு மாதத்துக்கு முன்னால் ஒரு காலை, சமையலறையில் நின்றவள் ஃப்ரிட்ஜைப் பார்த்து முறைத்தாள்.

"என்னங்க, இதைக் கொஞ்சம் பாருங்களேன். விடிஞ்சதிலேர்ந்து ஈ-ல கத்துது."

வீட்டுக்காரர் பஸ் டிரைவர். வாயும் வண்டியும் நிற்காத மனிதர். "ஃப்ரிட்ஜுக்குள்ள ஈ எப்படிப் போச்சு?" என்று கதவைத் திறந்து தேட ஆரம்பித்துவிட்டார்.

"அந்த ஈ இல்லீங்க! சுரம்! ஏ, பி, சி, டி, ஈ!"

தாளில் எழுதுகிற சுரத்துக்கெல்லாம் இப்படி ஒற்றை எழுத்துத்தான் பேர். வயலினில் மெல்லிய கம்பியில் விரலை மேலே மேலே ஏற்றிக்கொண்டு போனால், இனிமேல் இடமில்லை என்கிற இடத்தில் ஒரு ஈ வரும். ஊசிமுனை மாதிரி மெலிசு. அதுதான் அவளுக்குக் கேட்டது.

மெக்கானிக் வந்தார். பின்பக்கம் தட்டினார், கீழே குனிந்தார், கடைசியில் பிளக்கையே பிடுங்கினார். "சத்தமே இல்லையேம்மா" என்றார். பிளக் அவர் கையில் தொங்குகிறது. ஈ மட்டும் நிற்கவே இல்லை. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. இடது காதை உள்ளங்கையால் பொத்தினாள். சத்தம் உள்ளே இன்னும் நன்றாகக் கேட்டது.

"ஆமா, இப்ப நின்னுடுச்சு" என்று சொன்னாள். பக்கத்தில் நின்ற கணவரிடம் அவள் சொன்ன முதல் பெரிய பொய் அதுதான்.

பென்சில் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு டாக்டரிடம் போனாள். இடது காதில் கேட்கும் சக்தி பாதிதான் மிச்சம், சத்தம் போகாது, பழகிக்கொள்ளவேண்டும் என்றார் டாக்டர். பழகிக்கொள்வதாம்! தப்புக் கண்டுபிடிக்க உட்காருகிற ஆளுக்குக் காது சரியில்லை என்று தெரிந்தால் நாற்காலியை விட்டுவைப்பார்களா? அந்த நாற்காலி இல்லாவிட்டால் அவள் யார்? ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. வலது காதை நீட்டிக்கொண்டு, வாயசைவைப் பார்த்துக்கொண்டு, வில்லின் அசைவை வைத்துச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு எப்படியோ ஒப்பேற்றினாள். வீட்டில் டிரைவர் என்னவோ அந்தச் சமயம் பார்த்து, முகத்தில் வெயிலடிக்கிறது என்று சாப்பாட்டு மேசையில் நாற்காலியை மாற்றிப் போட்டுக்கொண்டார். பேச்சுக்காரருக்கு வெயில் ஒரு கேடா என்று அவள் சிரித்தாள்.

இந்த நிலைமையில்தான் இடி வந்தார்.

இடி என்பது ரசிகர்கள் வைத்த பேர். முப்பது வருஷமாக ராக் மேடையில் கிட்டாரைப் போட்டு உலுக்கிய மனிதர். அவர் வாசித்தால் அடுத்த தெரு ஜன்னல் அதிரும். அவர் இப்போது முழு இசைக்குழுவுக்கு எழுதியிருக்கிறார் என்றதும், டிரம் வாசிப்பவர் பஞ்சு வாங்கிவந்து எல்லோருக்கும் பிய்த்துக் கொடுத்தார். வந்தவரோ சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி ஒரு பையை இடுக்கிக்கொண்டு, கதவைக்கூடச் சத்தமில்லாமல் சாத்தினார்.

"மூணு வருஷமா போன நூற்றாண்டு ஆளுங்க எழுதினதைத்தான் கேட்டுட்டிருக்கேன்" என்றார் ரப்பர் அக்காவிடம், பென்சிலில் எழுதிய தாள்கட்டை நீட்டியபடி. "நாலே நாலு சுரம். அதையே திருப்பித் திருப்பி வாசிக்கறாங்க. ஒவ்வொரு சுத்துக்கும் ஏதோ ஒண்ணு நகந்துடுது. சில பேர் ஒரே சுரத்தைப் பத்து நிமிஷம் பிடிச்சு நிக்கறாங்க. இன்னும் சில பேர், ஒண்ணுமே வாசிக்காம இருக்கறதையும் எண்ணி எழுதறாங்க. நான் இத்தனை வருஷம் போட்ட கூச்சல்ல இதெல்லாம் எனக்குத் தோணவே இல்லை."

"சார், பன்னண்டாம் பக்கத்துல இருக்கறதேதான் பதிமூணுலயும் இருக்கு. தப்பா ரெண்டு தடவை எழுதிட்டீங்களா?"

"பதினாலுலயும் அதேதான் இருக்கும்" என்று சிரித்தார் இடி.

வீட்டுக்கு வந்து அவள் பொருமினாள். "தேஞ்சுபோன ரெக்கார்டு மாதிரி எழுதி வச்சிருக்காரு மனுஷன். கை ஒடிஞ்சுடும் எனக்கு."

"உங்க கண்டக்டர் என்ன சொல்றாரு?" என்று கேட்டார் டிரைவர். இசைக்குழுவை நடத்துகிறவருக்கும் கண்டக்டர் என்றுதான் பேர் என்பது தெரிந்த நாளிலிருந்து இந்தக் கிண்டல் ஓயவில்லை. "டிக்கெட் கொடுக்காத கண்டக்டரை நம்பி நான் வண்டி எடுக்கமாட்டேம்மா!"

ஆனால் எழுத உட்கார்ந்த மூன்றாம் நாள் அவளுக்கு என்னவோ ஆனது. பிற்பகல், ஜன்னல் திரை மெல்ல உப்பி அடங்கியது. நாலு சுரம். மறுபடி நாலு சுரம். கை தானாகப் போயிற்று. ஐம்பதாவது தடவை மூன்றாவது சுரம் ஒரு கால் மாத்திரை முன்னால் வந்து நின்றது. அவளுக்கு அறையே ஒரு அங்குலம் நகர்ந்த மாதிரி இருந்தது. திரை உப்பியது, அடங்கியது. எழுதுகிறோமா, எழுதியதன்மேல் மிதக்கிறோமா என்று தெரியவில்லை. அடுப்பில் வைத்த தண்ணீர் சுண்டி, பாத்திரம் கருகியதைக்கூட அண்டை வீட்டம்மாள் கதவைத் தட்டித்தான் சொன்னாள். ஏதோ ஒரு சுகம். மறுநாள் எப்போது விடியும், எப்போது எழுத உட்காருவோம் என்று அவளுக்கு ஆசையாக இருந்தது.

முதல் வயலினின் தாளைக் கடைசியாக வைத்துக்கொண்டாள். முடிவில் மற்றவர்கள் ஒவ்வொருவராக ஓய்ந்துபோக, அந்த ஒரு வயலின் மட்டும் உச்சி ஈ-யைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். கோடு போட்டுப் பிரித்த ஒவ்வொரு கட்டத்துக்கும் பார் என்று பேர். பாருக்கு ஒரு நீண்ட சுரம், முட்டை வடிவில். முட்டைக்கு முட்டை ஒரு வளைவுக்கோடு, விடாமல் பிடி என்று அர்த்தம். அவள் முட்டை போட்டாள், வளைத்தாள், முட்டை போட்டாள், வளைத்தாள். காதுக்குள் அதே ஈ. பதினாலு மாதம் திட்டித் தீர்த்த சத்தம் அன்றைக்குத் தாளிலிருந்து வருகிற மாதிரி இருந்தது. வாழ்நாளில் முதல் தடவையாக அது அவளுக்கு அழகாகக்கூட இருந்தது. பக்கம் முடிந்ததும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அப்படியே கண்ணை மூடிக்கொண்டாள்.

பதிவு நாளன்று இடி ஒரே ஒரு பிடிவாதம் பிடித்தார். "கடைசிப் பக்கத்துக்கு ஒத்திகை வேண்டாம். முதல் தடவை வாசிக்கறதே பதிவாகட்டும்." கண்டக்டருக்குப் பிடிக்கவில்லை, தோளைக் குலுக்கிக்கொண்டார். முதல் வயலின் இடத்தில் ஒரு புதுப் பெண். கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்தவள், அந்த நாற்காலியில் அவளுக்கு அன்றுதான் முதல் நாள். பயத்தில் கைக்குட்டையை நூறு தடவை மடித்தாள்.

நாலு சுரம் சுற்ற ஆரம்பித்தது. பஞ்சு வாங்கி வந்த டிரம்காரர், கையில் ஒரு வேலையும் இல்லாமல், வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். கூடத்தில் எல்லோருக்கும் கண் பாதி மூடியிருந்தது. செல்லோக்கள் ஓய்ந்தன. குழல்கள் ஓய்ந்தன. ஈ மட்டும் மேலே நின்றது. கண்டக்டர் கையை மெல்ல மூடினார்.

ரப்பர் அக்கா இடியின் தாளில் விரலை வைத்து எண்ணிக்கொண்டிருந்தாள். எல்லாம் சரியாகப் போகிறது என்றே நினைத்தாள். நிமிர்ந்து பார்த்தால், கண்டக்டர் கையை மூடியபடி முறைத்துக்கொண்டு நிற்கிறார். அறுபது தலையும் ஒரு பக்கம் திரும்பியிருக்கிறது. வயலின் பெண்ணின் வில் இன்னும் போய்க்கொண்டிருந்தது. கை தூக்கவேண்டியவள் தூக்கவில்லை. வெளியே இருக்கிற ஈ எது, உள்ளே இருக்கிற ஈ எது என்று அவள் காதுக்குத் தெரியவே இல்லை.

"போதும்!" என்றார் கண்டக்டர். "பதினோரு பார் யாரும் வாசிக்கக்கூடாதும்மா. அதுக்கப்புறம் செல்லோ ஒரே ஒரு தடவை, அவ்வளவுதான். உங்களுக்கு எண்ணத் தெரியாதா?"

"எண்ணிட்டுத்தான் சார் இருந்தேன்..."

"அக்கா எழுதினதுல தப்பிருக்காது. நீதான் எங்கேயோ விட்டிருப்பே" என்றார் பின்னால் இருந்த ஒருவர், ஆறுதலாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு. அந்தப் பெண்ணும் அதை நம்பினாள். தாளைப் பார்க்கக்கூட இல்லை. "மன்னிச்சிடுங்க சார்" என்றாள், கண் நிறைந்துவிட்டது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். இடைவேளையில் நைசாகத் தாளைத் திருத்திவிடலாம். ரப்பர் கையிலேயே இருக்கிறது. ஒரு மூச்சு நேரம் ரப்பர் அக்கா அதை நினைக்கத்தான் செய்தாள். அப்புறம் அந்தப் பெண் கைக்குட்டையை மறுபடி மடிப்பதைப் பார்த்தாள்.

எழுந்து கையைத் தூக்கினாள்.

"தப்பு என்னுது. சும்மா இருக்கணும்ங்கிற இடத்துல பதினோரு முட்டை போட்டு வச்சிருக்கேன். எனக்குக் காதுல ஈ."

"ஈயா? விரட்டுங்கக்கா" என்றார் டிரம்காரர். யாரோ சிரித்தார்கள்.

"விரட்ட முடியாத ஈ. பதினாலு மாசமா நிக்காம கேக்குது. இடது காது பாதி போச்சு. அந்த வயலின் நின்னா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதுங்க. அதனாலதான் நிறுத்தாம எழுதிட்டேன்." நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். "உங்ககிட்ட மறைச்சது தப்பு. வேற ஆளைப் பார்த்துக்கோங்க."

இடி மட்டும் எழுந்து, நாற்காலிகளுக்கு நடுவே மெதுவாக நடந்து வந்தார்.

"எந்த ஈ? உச்சியா?"

"உச்சி. சுத்தமான ஈ."

"கொடுத்து வச்சவங்க" என்றார். "என்னுது கொஞ்சம் ஸ்ருதி இறங்கினது. ரெண்டு காதுலயும். மேடையில போட்ட ஆட்டத்துக்குக் கூலி. ஸ்ருதி இறங்கினதை எழுத எழுத்து இல்லாம ஈ-ன்னே எழுதிட்டேன்."

அவள் அவரையே பார்த்தாள். அந்தச் சத்தத்தைத் தன்னைத் தவிர இன்னொருத்தர் சுமந்துகொண்டு நடக்கிறார் என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. "அப்ப இப்படியே இருக்கட்டுமே சார்" என்றாள் சின்னக் குரலில். "நமக்குக் கேக்கற மாதிரியே நிக்காம போகட்டுமே."

இடி தலையாட்டினார். "வேண்டாம். அழிச்சிடுங்க. நின்னா எப்படி இருக்கும்னு நினைச்சு நினைச்சுத்தான் அந்தப் பதினோரு பாரை எழுதினேன். நம்ம ரெண்டு பேருக்கும் கேக்காது. மத்தவங்களுக்காவது கேக்கட்டும்."

வயலின் பெண்ணின் தாளை வாங்கி, பதினோரு முட்டையையும் அழித்தாள். ஊதினாள். காலியான இடத்தில் ஓய்வுக்குறியைப் போட்டு, மேலே பதினொன்று என்று எழுதினாள். கண்டக்டர் கனைத்துக்கொண்டார். "அக்கா, தாளை நீங்க பாருங்க, காதை நாங்க பாத்துக்கறோம். உட்காருங்க முதல்ல" என்றார்.

மறுபடி நாலு சுரம் சுற்றியது. மறுபடி ஒவ்வொருவராக ஓய்ந்தார்கள். வயலின் பெண் வில்லைக் கம்பியிலிருந்து எடுத்தாள். ரப்பர் அக்கா தாளைப் பார்க்கவில்லை, முகங்களைப் பார்த்தாள். டிரம்காரர் கையைப் பிசைவதை நிறுத்திவிட்டார். முறைத்தே பழகிய கண்டக்டரின் முகம் தூங்குகிற குழந்தை முகமாகிவிட்டது. இதுதானா அது என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். தூரத்தில் இடியும் அவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் வாசலில் டிரைவர் காத்துக்கொண்டிருந்தார். வழக்கம்போல் அவளுக்கு வலது பக்கம் வந்து சேர்ந்துகொண்டு, அன்றைக்கு வண்டியில் நடந்த சண்டையைச் சொல்ல ஆரம்பித்தார்.

"என்னங்க, ஒரு விஷயம். எனக்குக் காதுல..."

"ஈ" என்றார் அவர். "ஃப்ரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கினப்பவே உன் மூஞ்சியில தெரிஞ்சுது. பதினாலு மாசமா நான் எந்தப் பக்கமா நடக்கறேன்னு நீ பாக்கவே இல்லையா?"

அவள் நின்றுவிட்டாள். சாப்பாட்டு மேசையும், முகத்தில் அடித்த வெயிலும் நினைவுக்கு வந்தன. மேசைப் பக்கத்து ஜன்னலில் வெயிலே வராது. நடுத்தெரு என்றும் பார்க்காமல் அழுதாள். அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அவர் கையைப் பிடித்து இடது பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இனிமே இந்தப் பக்கமும் வாங்க. கேக்கலேன்னா கேக்கலேன்னு சொல்றேன்."

அவர் விட்ட இடத்திலிருந்து சண்டையைச் சொல்லத் தொடங்கினார். பாதிதான் கேட்டது. "கேக்கலை" என்றாள் அவள். அவர் முதலிலிருந்து ஆரம்பித்தார்.