இருபத்தாறு சிவப்பு ஜக்கெற்

"கழுத்தை நிமித்துங்கோ" என்கிறார் யோகேந்திரன். எதிரில் நிற்பவர் நிமிர்த்துவதற்குள், அவருடைய குளிர் ஜக்கெற்றின் சிப்பை நாடி வரைக்கும் ஒரே இழுவையில் இழுத்து மூடிவிடுகிறார். அனுமதி கேட்பதெல்லாம் கிடையாது. டொக்டரானாலும் சரி, ரொறொன்ரோவில் மூன்று வீடு வைத்திருக்கிறவரானாலும் சரி, அரிசிச் சாக்கைக் கட்டுவது மாதிரித்தான். பெண்களென்றால் கை வைக்க மாட்டார். தன் நாடியை மேலே தூக்கிக் காட்டி, "மேல, இன்னும் மேல" என்பார். சனிக்கிழமை காலை ஏழரை மணி. புவாண்ட்-கிளேரில் ஒரு கடைத்தொகுதியின் கார் நிறுத்துமிடம். மைனஸ் இருபத்தொன்று. பின்னால் அவருடைய இருபத்துநாலு இருக்கை வெள்ளை பஸ் புகை விட்டுக்கொண்டு நிற்கிறது. சிப் மூடாத ஆளுக்கு அதில் இடமில்லை.

கிழமை நாட்களில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். தை மாதம் பிறந்துவிட்டால் சனி ஞாயிறில் இந்த வேலை. ரொறொன்ரோ, லண்டன், பாரிஸ் என்று வருகிற சனத்துக்கும், பிள்ளைகளைப் பார்க்கச் சென்னையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வருகிற தாய் தகப்பன்மாருக்கும் மொன்றியலின் குளிரைக் காட்டுவது. சனி பகல் வடக்கே ஒரு மணித்தியாலம் ஓடி, மலையில் பனிச்சறுக்கு. மாலை டவுன்டவுனில் வெளிச்ச விழா. ஞாயிறு புரோசார்ட் பக்கம் எந்தச் சங்கம் பொங்கல் விழா வைத்தாலும் அங்கே. ஐம்பத்தெட்டு வயது. சறுக்குப் பலகையில் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. ஏன் அண்ணை என்று கேட்டால், "ஏறினா இறங்க வேணும். அதுக்கு நான் கீழயே நிக்கிறன்" என்பார்.

இடது காதின் மேல் துண்டு அவருக்கு இல்லை. வந்த முதல் வருடம் தொப்பி போடாமல் பஸ்ஸுக்கு நின்றதில் குளிர் கடித்தது. சின்னப் பிள்ளைகள் உற்றுப் பார்த்தால், "இது கனடாவுக்குக் கட்டின வரி, நீங்கள் கட்டத் தேவையில்லை, தொப்பியைப் போடுங்கோ" என்று சொல்லித் தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்துவிடுவார்.

அவர் பிரெஞ்சு படித்தது டவுன்டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடைச் சமையலறையில். பத்தொன்பது வருடம் பாத்திரம் கழுவி, வெங்காயம் வெட்டி, பிறகு அடுப்பில் நின்றவர். அதனால் அவருடைய பிரெஞ்சில் பாதி ஏச்சு, பாதி அவசரம். கொதிக்கிற சட்டியைத் தூக்கிக்கொண்டு போகும்போது விலகச் சொல்லி "ஷோ! ஷோ!" என்று கத்துவார்கள், சூடு, சூடு என்று அர்த்தம். மனுசன் அதை இன்றைக்கும் விடவில்லை. கோயில் திருவிழாவில் சனத்துக்குள் நடக்கும்போதும் "ஷோ! ஷோ!" என்றுதான் வழி கேட்கிறார். எல்லாரும் விலகுகிறார்கள்.

சிப் மூடுகிற ஜக்கெற்றுகளும் அவருடையவைதான். நாலு வருடத்துக்கு முன் எங்கோ ஒரு பனிச்சறுக்குப் பள்ளி மூடிப்போய், அங்கே பழக்கினவர்கள் போட்ட ஜக்கெற்றுகள் ஒரு தேவாலயத்தின் நிலவறையில் மலிவாக வந்தன. இருபத்தாறு. எல்லாம் நல்ல சிவப்பு. மனைவி செல்வமலர் நீலமும் கறுப்புமாகப் பார்த்து எடுக்கச் சொல்லித்தான் அனுப்பினவர். இவர் அத்தனையையும் அள்ளிக்கொண்டு வந்து நின்றார். "வெள்ளைப் பனியிலை சிவப்பு நிண்டா குருடனுக்கும் தெரியும். ஒருத்தரும் துலையேலாது" என்றார்.

முதுகில் 'பயிற்சியாளர்' என்று பிரெஞ்சில் பெரிய எழுத்தாகத் தைத்திருந்தது. செல்வமலர் ஓர் இலையுதிர்காலம் முழுக்க ஊசியும் பிளேடுமாக இருந்து இருபத்தைந்தின் எழுத்தையும் பிரித்தெடுத்தார். கடைசி ஒன்றை அப்படியே விட்டுவிட்டார். அது பனைமரத்து அளவுக்கு வெட்டின ஜக்கெற். "எங்கடை சனத்திலை இதுக்குள்ளை ஆர் வரப்போகினம்? கண் நோகுது, விடுங்கோ" என்று மடித்து அடியில் போட்டார்.

போன தை மாதம் இரண்டாவது சனிக்கிழமை அந்த ஜக்கெற்றுக்கு ஆள் வந்தது.

உமாபதி. ஆறடி இரண்டங்குலம், எழுபத்தொரு வயது. சென்னையில் மின்வாரிய எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் நவநீத் இங்கே டொக்டர். அன்று மகனுக்கு ஆஸ்பத்திரியில் முறை இருந்ததால் தாயையும் தகப்பனையும் கொண்டுவந்து பஸ்ஸில் விட்டுவிட்டு, யோகேந்திரனைத் தனியே கூப்பிட்டார்.

"அண்ணா, அப்பாவுக்கு ஆகஸ்ட்ல ஹார்ட்ல ஸ்டென்ட் வெச்சிருக்கு. நாலு மணி மாத்திரை தவறவே கூடாது. அம்மாகிட்ட இருக்கு. மலையில மட்டும் ஏற விட்டுடாதீங்க."

"நீங்கள் யோசிக்காமல் போங்கோ தம்பி. ஒம்பது வருசமா ஓடுறன். என்ர பஸ்ஸிலை வந்த ஒரு ஆளையும் விட்டிட்டு வந்ததில்லை."

வழக்கமாகப் போகிற மலையை அன்று மூடியிருந்தார்கள். முதல் நாள் மழை பெய்து, பெய்த மழை அப்படியே கண்ணாடியாய் உறைந்து கிடந்தது. யோகேந்திரன் பத்து நிமிடம் தள்ளியிருந்த அடுத்த மலைக்கு பஸ்ஸைத் திருப்பினார். அங்கே பிள்ளைகளுக்குப் பழக்குகிறவர்களும் சிவப்பு ஜக்கெற்தான் போட்டிருந்தார்கள். அதைக் கண்டு அவருக்குப் பெருமை. வருடா வருடம் ரொறொன்ரோவிலிருந்து வருகிற ஜெகதீஸ்வரியிடம், "பாத்தீரே, நல்ல நிறம் எதெண்டு இவங்களுக்கும் தெரிஞ்சிருக்கு" என்றார்.

"யோகண்ணை, நீங்கள் எங்களுக்குச் சம்பளமில்லாத வேலை எடுத்துக் குடுக்கப் போறியள் போல" என்றார் ஜெகதீஸ்வரி. அந்த மனுசியின் வாய்க்கு ஓய்வே கிடையாது. எல்லாரும் சிரித்தார்கள்.

நாலு மணிக்குச் சூரியன் மலைக்குப் பின்னால் போனது. யோகேந்திரன் பஸ் வாசலில் நின்று, ஏறுகிறவர்களைத் தோளில் தட்டித் தட்டி எண்ணினார். பத்தொன்பது வர வேண்டும். பதினெட்டோடு நின்றது.

உமாபதியின் மனைவி அனுசூயா மூன்றாவது இருக்கையில், கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு இருந்தார். "வெளில சும்மா நடந்துட்டு வரேன்னு ரெண்டு மணிக்குக் கிளம்பினார். அந்த லிப்ட் மோட்டார் எப்படி ஓடுதுன்னு எங்கயாவது நின்னு பாத்துட்டு இருப்பார்னு நினைச்சேன். வழக்கமா அதானே பண்ணுவார்." உமாபதியின் போனும் அந்தக் கைப்பைக்குள்தான் இருந்தது. மாத்திரையும் இருந்தது. ஒன்றை எடுத்து யோகேந்திரன் கையில் வைத்தார். "கண்டதும் முதல்ல இதை வாயில போட்டுடுங்க. திட்டறதெல்லாம் அப்புறம்."

யோகேந்திரன் மலைக் காவல் குடிசைக்கு ஓடினார். உள்ளே ஜெராட் என்ற தாடிக்காரக் காவலர் இருந்தார். ஒரு ஆளைக் காணவில்லை, உயரம், கிழவர், இருதயக்காரர் என்று தன் சமையலறைப் பிரெஞ்சில் கொட்டினார்.

"என்ன நிற ஜக்கெற்?" என்று கேட்டார் ஜெராட்.

"சிவப்பு."

ஜெராட் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். கீழ்ச் சரிவில், வகுப்பு முடிந்து இறங்குகிறவர்கள், பலகை அடுக்குகிறவர்கள், கயிறு சுற்றுகிறவர்கள் என்று ஐம்பது அறுபது சிவப்பு ஜக்கெற்றுகள். பனி தூவத் தொடங்கியிருந்தது. எல்லாருக்கும் தொப்பி, எல்லாருக்கும் முகத்தில் துணி. நாலு வருடமாக எந்தச் சிவப்பை நம்பினாரோ அந்தச் சிவப்புக்குள்ளேயே ஆள் மறைந்துபோனார்.

யோகேந்திரனின் கையுறைக்குள் மாத்திரை உருண்டது.

ஜெராட் ஒலிபெருக்கியில் இரண்டு தரம் பிரெஞ்சில் கூப்பிட்டார். "அவருக்கு விளங்காது, என்னட்டைத் தா" என்று யோகேந்திரன் வாங்கினார். அந்த மலை முளைத்த நாளிலிருந்து அப்படியொரு அறிவிப்பைக் கேட்டிருக்காது.

"உமாபதி ஐயா. நான் பஸ் யோகேந்திரன் கதைக்கிறன். எங்கை நிண்டாலும் கையைத் தூக்குங்கோ. ஐயா, கையைத் தூக்குங்கோ."

ஒரு கையும் எழும்பவில்லை. மறுபடியும் சொன்னார். மூன்றாம் தரமும் சொன்னார்.

ஜெராட்தான் முதலில் கண்டார். விரலால் கண்ணாடியைத் தொட்டுக் காட்டினார். சின்னப் பிள்ளைகளின் சரிவுக்கு அடியில், தூர மூலையில், ஒரு நெடிய சிவப்பு ஜக்கெற் கையை உயர்த்திக்கொண்டு நின்றது. விழவில்லை, சாயவில்லை. ஆனால் இருந்த இடத்தை விட்டு அசையவும் இல்லை.

யோகேந்திரன் "ஷோ! ஷோ!" என்று கத்திக்கொண்டு ஓடினார். பலகையும் தடியுமாக வந்தவர்கள் இரண்டு பக்கமும் விலகினார்கள். ஓடுகிற ஓட்டத்திலேயே ஏச்சை அடுக்கிக்கொண்டார். நல்ல ஏச்சு, வயதுக்கு மரியாதை வைத்தாலும் சுடுகிற மாதிரி. கிட்டப் போனபோது மூச்சு மட்டும்தான் மிஞ்சியது. உமாபதி வலது கையை இன்னும் இறக்கவில்லை. இடது கையில் ஒரு கயிற்றின் நுனி. மறு நுனியைப் பிடித்தபடி மஞ்சள் ஹெல்மெட் போட்ட ஐந்து வயதுப் பெண் பிள்ளை ஒன்று பனியைத் தின்றுகொண்டு நின்றது.

"வாயைத் திறவுங்கோ" என்றார் யோகேந்திரன். மாத்திரையைப் போட்டார்.

"தண்ணி?"

"எச்சிலோடை விழுங்குங்கோ."

விழுங்கிவிட்டு உமாபதி சொன்னார்: "சார், கொஞ்சம் பொறுங்க. மத்த ஆறு குழந்தைங்களையும் பெத்தவங்ககிட்ட ஒப்படைச்சாச்சு. இவளோட அப்பா மட்டும் இன்னும் வரல. ரிலீவர் வராம நான் எப்படி நகர முடியும்?"

நடந்தது இதுதான். இரண்டு மணிக்கு ஒரு இளம் பெண் ஓடிவந்து, பிரெஞ்சில் ஏதோ சொல்லி, ஏழு பிள்ளைகள் பிடித்திருக்கும் கயிற்றை அவர் கையில் கொடுத்தாள். "யாராவது பிரெஞ்சுல பேசினா சிரிச்சுட்டு ஆமாங்கறதுக்கு 'வீ'ன்னு சொல்லிடுங்கப்பா, பிரச்சினை வராதுன்னு பையன் சொல்லியிருந்தான். சொன்னேன். அவ போயிட்டா."

"பிறகென்ன, வேறை ஆரிட்டையும் குடுத்திட்டு வந்திருக்கலாமே ஐயா. ரெண்டரை மணித்தியாலம் இந்தக் குளிருக்குள்ளை நிண்டிருக்கிறியள்."

"ஏழு குழந்தைங்க சார். சமதரையில மேலயும் கீழயும் நடத்திட்டே இருந்தேன். விழுந்தா தூக்கி விட்டேன். ஒண்ணு ரெண்டு மூணு சொல்லிக் குடுத்தேன், நல்லா சொல்லுதுங்க." கயிற்றைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டார். "ரிட்டயர் ஆகி பதிமூணு வருஷம். வீட்ல பால் பாக்கெட் வாங்கக்கூட என்னை அனுப்ப மாட்டாங்க, மறந்துடுவேனாம். முன்ன பின்ன தெரியாத பொண்ணு ஏழு உசிரைக் கையில குடுத்துட்டுப் போகுது. விட்டுட்டு வந்துட முடியுமா?"

அடுக்கி வைத்த ஏச்சை யோகேந்திரன் தொண்டைக்குள்ளேயே வைத்துக்கொண்டார். உமாபதிக்குப் பக்கத்தில், காற்று வருகிற பக்கமாகப் போய் நின்றார். "சரி. வரட்டும். நிண்டு பாப்பம்."

பத்து நிமிடத்தில் தகப்பன் றெனோல்ட் வந்தார், லிப்ட் வரிசையில் மாட்டுப்பட்டேன் என்று மூச்சு வாங்கிக்கொண்டு. பிள்ளை ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்ட பிறகுதான் உமாபதி கயிற்றை விட்டார். அதே நேரம் அந்த இளம் பெண்ணும் வந்துவிட்டாள். கத்தரின் என்று பெயர். கை முறிந்த ஒரு பிள்ளையோடு அம்புலன்ஸுக்குப் போய் மாட்டிக்கொண்டவள். பக்கத்து மலை மூடியதால் அங்கேயிருந்து உதவிக்கு ஆள் வருவதாகச் சொல்லியிருந்தார்களாம். முதுகில் எழுத்தைப் பார்த்ததும் இவர்தான் என்று நினைத்தாளாம். யோகேந்திரன் உமாபதிக்குப் பின்னால் போய், செல்வமலர் பிரிக்காமல் விட்ட எழுத்தை முதல் தரமாக ஒழுங்காக வாசித்தார். இது ஒரு சுற்றுலாக்காரரின் ஜக்கெற் என்று சொன்னபோது கத்தரின் வாயைப் பொத்திக்கொண்டாள். நூறு தரம் மன்னிப்புக் கேட்டாள். உமாபதி சிரித்துக்கொண்டு "வீ, வீ" என்றார்.

பஸ்ஸுக்குள் வந்ததும் அனுசூயா கணவனை மேலும் கீழும் பார்த்தார். "மாத்திரை?" என்று மட்டும் கேட்டார். போட்டாச்சு என்றதும் தலையை ஜன்னலில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். கைப்பையைப் பிடித்திருந்த விரல்கள் அப்போதுதான் விட்டன.

"ஐயாவுக்கு வந்த கையோடை வேலை கிடைச்சிட்டுது. எங்கடை ஆக்கள் ஆறு மாசம் அலைஞ்சவை" என்றார் ஜெகதீஸ்வரி. பஸ் முழுக்கச் சிரித்தது. தேவைக்கு மேலேயே சிரித்தது.

வெளிச்ச விழாவுக்கு நேரம் போகிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. உமாபதியின் கால் விரல்கள் மரத்துப்போயிருந்தன. விழுந்த பிள்ளைகளைத் தூக்க முழங்காலில் இருந்து இருந்து, சப்பாத்துக்குள் பனி போயிருந்தது. கழற்ற வேண்டும். சப்பாத்துக் கயிறு நனைந்து உறைந்து கம்பி மாதிரிக் கிடந்தது, முடிச்சு கல். அவர் குனிந்து பார்த்தார், விரல் பிடிக்கவில்லை. ஜெகதீஸ்வரி கைப்பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார்.

"வெட்டிடாதீங்கம்மா, பையனோட பூட்ஸ்" என்றார் உமாபதி.

யோகேந்திரன் சாரதி இருக்கையிலிருந்து எழும்பி வந்தார். இருக்கைகளுக்கு நடுவில் முழங்காலில் இருந்து, அந்தப் பெரிய காலைத் தூக்கித் தன் தொடையில் வைத்தார். நகத்தால் நோண்டினார். ஊதினார். முடிச்சு அசையவில்லை.

"ஐயோ, காலை விடுங்க சார், என்ன பண்றீங்க" என்று உமாபதி காலை இழுத்தார்.

"ஆட்டாதேங்கோ" என்ற யோகேந்திரன், குதிகாலை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்து, அந்த முடிச்சைப் பல்லால் கவ்வினார்.