மஞ்சள்காமாலை என்று சொன்னோம்

சூரிச் நகரில் நாங்கள் குடியிருக்கும் தெருவில் காலை ஏழு மணிக்கு முன்பே ஒரு சிறிய வரிசை நின்றுவிடும். டிராம் நிறுத்தத்துக்கு எதிரே, பல் மருத்துவர் ஒருவரின் சிகிச்சைக்கூடத்துக்குக் கீழே, சாதாரணமான ஒரு வாசல். பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். ஒருவர் செய்தித்தாள் படிப்பார். ஒரு பெண் கைக்கண்ணாடியில் தலைமுடியைச் சரிசெய்வார். திறந்ததும் உள்ளே போவார்கள். மருத்துவர் எழுதிக்கொடுத்த அளவு ஹெராயினைச் செவிலியர் முன்னிலையில் தாங்களே ஊசி வழியே ஏற்றிக்கொள்வார்கள். சற்று நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு அவரவர் வேலைக்குக் கிளம்புவார்கள். அரசு சட்டப்படி அனுமதித்த ஏற்பாடு இது. மகள் வீட்டுக்கு நான் வந்த புதிதில் அவர்களில் ஒருவர் என்னைப் பார்த்து "குருயெட்சி" என்று வணக்கம் சொன்னார். நான் பதில் சொல்லாமல் எதிர்ப்பக்கம் நடந்துவிட்டேன். பயந்துவிட்டேன் என்று உடன் வந்த மகள் நினைத்தாள். பயம் இல்லை. அவருடைய தாடி நரைத்திருந்தது.

என் மகன் செந்திலுக்கு நரைக்கவில்லை. இருபத்தொன்பது வயதில் அவன் இறந்தான், இதே பொருளால்.

நரைத்த தாடிக்காரரின் பெயர் மார்க்குஸ் என்பதையும், ஐம்பத்தெட்டு வயதில் நகரத்துப் பூங்காக்களில் வேலை செய்கிறார் என்பதையும் அவருடைய தாயார் சொல்லித் தெரிந்துகொண்டேன். அந்த அம்மையார், ஃபிராவ் கெல்லர், எங்கள் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருக்கிறார். இங்கே துணி துவைக்கும் அறை எல்லா வீட்டுக்கும் பொது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நாள். எங்களுடையது அவருக்கு அடுத்த நாள் என்பதால் சாவியை அவர்தான் என்னிடம் கொடுப்பார். கொடுக்கும்போதெல்லாம் மகனைப் பற்றிக் குறை சொல்வார். மார்க்குஸ் பருத்துவிட்டான். மார்க்குஸ் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கால்பந்து பார்க்கப் போய்விட்டான். என் ஜெர்மன் மொழி அரைகுறையானது. ஆனால் ஒரு தாயின் சலிப்பைப் புரிந்துகொள்ள இலக்கணம் தேவையில்லை. அந்தச் சலிப்பின்மீதுதான் எனக்குப் பொறாமை. அறுபதை நெருங்கும் மகனைப் பற்றி அலுத்துக்கொள்ளக் கிடைத்த வாழ்வு அது.

ஒரு நாள் எனக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். ஒரு மகள், மகன் இறந்துவிட்டான் என்றேன். "ஆட்டோ?" என்று மெதுவாகக் கேட்டார். கார் விபத்தா என்பது பொருள். ஆமென்று தலையசைத்தேன்.

ஊரிலும் இப்படித்தான் மறைத்திருந்தோம். நான் முப்பத்தோர் ஆண்டுகள் நாமக்கல் பக்கத்துக் கல்லூரியில் வேதியியல் கற்பித்தவன். வீடு திருச்செங்கோட்டில். செந்தில் ரிக் வண்டிக்கு மேனேஜராகப் போனான். ஆழ்துளைக் கிணறு போடும் வண்டியோடு ஆண்டில் ஒன்பது மாதம் வடமாநிலங்களில் திரிகிற பிழைப்பு. அங்கே பழகியது. அவன் மெலிந்து திரும்பியபோது, கேட்டவர்களுக்கெல்லாம் மஞ்சள்காமாலை என்று சொன்னோம். காமாலைக்கு யாரும் முகம் சுளிப்பதில்லை. பெண் கொடுக்க மறுப்பதுமில்லை. உறவினர்கள் கீழாநெல்லியைக் கட்டுக் கட்டாகப் பறித்து வந்தார்கள். என் மனைவி சரோஜா அதை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தாள். வீட்டில் தாளிப்பதுகூட நின்றுபோயிற்று. என் தங்கை அவன் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "என்றா சாமி, கண்ணுல மஞ்சளே காணமே?" என்றாள்.

"நீங்க கீழாநெல்லியோட வாரீங்கன்னு தெரிஞ்சதும் அது ஓடிப்போச்சுங்க அத்தை" என்றான் செந்தில். எல்லோரும் சிரித்தோம். அவனும்.

பிறகு சேலத்தை ஒட்டிய ஒரு மறுவாழ்வு இல்லத்தில் நாற்பது நாள் வைத்திருந்தோம். சுத்தமாகத் திரும்பினான், கன்னம் தேறியிருந்தது. முற்றாக விடுவது ஒன்றே வழி என்று கல்லூரி விழிப்புணர்வுக் கூட்டங்களில் நானே பேசியிருக்கிறேன். என் வீட்டில் அது மெய்யாகிவிட்டதென்று பெருமைப்பட்டேன். விட்டுவிட்ட உடல் பழைய அளவைத் தாங்காது என்பதை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. அதைச் சொல்வதே இன்னொரு முறை போட்டுக்கொள்ள வழிகாட்டுவது போலாகும் என்றுதான் நானும் நினைத்திருப்பேன். வீடு திரும்பிய பன்னிரண்டாம் நாள் பிற்பகல், தாழிட்ட அறையில், பழைய அளவையே போட்டுக்கொண்டான்.

மருத்துவமனையில் பணியிலிருந்த இளம் பெண் மருத்துவர் அவன் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். "கண்மணி ரொம்பச் சுருங்கி இருக்குதுங்களே. ஏதாச்சும் பழக்கம் உண்டுங்களா?" என்றார். என் பக்கத்தில் பெரியப்பா மகன் நின்றார். மகளின் மாமனார் நின்றார். "மஞ்சக்காமாலைங்க. நாட்டு மருந்து குடுத்துட்டு இருக்கறம்" என்றேன். அவர் மறுபடியும் கேட்டார். "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லைங்க" என்றேன். சுருங்கிய கண்மணி எதைக் காட்டும் என்பது எனக்குத் தெரியும். அதற்கு எதிர்மருந்து ஒன்று உண்டென்பதும் தெரியும். அது அங்கே கைவசம் இருந்ததா என்பது மட்டும் இன்றுவரை தெரியாது. நான் கேட்கவில்லை.

இந்த ஆண்டு எங்கள் தெரு நிலையத்தை மேல்மாடிக்கும் விரிவாக்கப் போவதாக அறிவிப்பு வந்தது. குடியிருப்போர் கருத்துச் சொல்லலாம். முனையில் மளிகைக் கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்துச் சிவம் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, நீங்கள் பேராசிரியர். எதிர்த்து வடிவா ஒரு கடிதம் தமிழிலை எழுதித் தாங்கோ. எங்கட சனம் விளங்கிக் கையெழுத்து வைக்கும். ஜெர்மனிலை மாத்த ஆள் இருக்கு."

"அவர்கள் யாருக்கும் தொந்தரவு செய்வதாகத் தெரியவில்லையே" என்றேன்.

"தொந்தரவு இல்லைத்தான். ஆனால் என்ர மகள் அந்த வாசலாலைதான் பள்ளிக்கூடம் போறாள். அரசாங்கமே குடுத்தால் இது பிழையில்லை எண்டு பிள்ளை நினைக்காதோ? சும்மா கிடைக்கேக்கை அவங்கள் ஏன் விடப்போறாங்கள்?"

அற்பமான கேள்விகள் அல்ல அவை. மார்க்குஸ் பல்லாண்டுகளாக விடவில்லை. ஒரே அமர்வில் கடிதத்தை எழுதி முடித்தேன். நோயைத் தீர்க்காமல் நோயாளியைப் பராமரிப்பது சரணடைதல் என்று எழுதினேன். சட்டம் அனுமதிப்பதை மனம் விரைவில் அங்கீகரித்துவிடும் என்று எழுதினேன். வாதங்கள் ஒன்றையொன்று தாங்கி நின்றன. நல்ல கடிதம். அதன் ஒவ்வொரு வரியிலும் என் உள்ளத்தில் இருந்தது வேறு: எனக்குக் கிடைக்காதது அந்த அம்மையாருக்கு மட்டும் ஏன் கிடைக்க வேண்டும்?

சரோஜா திருச்செங்கோட்டை விட்டு வர மறுத்துவிட்டாள். தொலைபேசியில் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். முடியும்வரை கேட்டாள்.

"ஏனுங்க, அப்ப அந்தத் தாடிக்காரரு காலைல எங்க போவாரு?"

"இந்த நகரில் வேறு நிலையங்கள் இருக்கும்."

"அந்தம்மாவுக்கு நம்ம பையனைப் பத்தித் தெரியுங்களா?"

"இறந்தது தெரியும்."

"என்னன்னு சொன்னீங்க?"

"கார் விபத்து என்று அவராக நினைத்துக்கொண்டார். நான் மறுக்கவில்லை."

"அங்க போயுமா?" என்றாள். "இங்கதான் சொந்தபந்தம், மானம் மருவாதின்னு மறைச்சம். அங்க ஆருக்குங்க மறைக்கறீங்க?"

திருமணமாகி நாற்பத்திரண்டு ஆண்டுகளில் அவள் என்னைக் குற்றம் சாட்டிக் கேட்ட ஒரே கேள்வி அது. மருத்துவமனையில் நான் சொன்னதைப் பற்றி அவள் இதுவரை பேசியதில்லை. அன்றும் பேசவில்லை.

மறுநாள் சிவத்திடம் கடிதம் தர இயலாது என்றேன். செந்தில் எதனால் இறந்தான் என்பதையும் சொன்னேன். தராசில் வைத்த வெங்காயத்தை எடுக்காமல் அவர் நின்றுவிட்டார். "ஐயா, எனக்குத் தெரியாது. மன்னிக்கோணும்" என்றார். சற்றுப் பொறுத்து, "எண்டாலும் நான் எதிர்த்துத்தான் கையெழுத்து வைப்பன். குறை நினையாதேங்கோ" என்றார். குறை நினைக்கவில்லை. அவருடைய மகளுக்கு வயது பத்து. அவருக்கு அஞ்ச உரிமை உண்டு.

அதன்பின் இரண்டாம் மாடிக்குப் படியேறினேன். சொல்லவேண்டிய வாக்கியங்களை அகராதி பார்த்து எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். விபத்து இல்லை. ஹெராயின். நான் உண்மை சொல்லவில்லை. ஃபிராவ் கெல்லர் என்னை உட்காரச் சொன்னார். என் கையை எடுத்துத் தம் இரு கைகளுக்குள் வைத்துக்கொண்டார். பிறகு, எந்தப் பள்ளியில் படித்தான் என்று கேட்பதுபோல் இயல்பாக, "எந்த நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்?" என்று கேட்டார்.

நம் நாட்டிலும் சில அரசு மருத்துவமனைகளில் ஹெராயினுக்கு மாற்று மருந்து கொடுக்கிறார்கள் என்று பின்னாளில் படித்தேன். எங்கள் பக்கத்தில் இருந்ததா என்பது கேட்டால் தெரிந்திருக்கும்; கேட்பதற்கு நோயின் பெயரைச் சொல்லியாக வேண்டும். இவ்வளவையும் சொல்ல என்னிடம் ஜெர்மன் மொழி இல்லை. மொழி இருந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா என்பது ஐயம். தன் மகனுக்குக் கிடைத்தது என் மகனுக்கும் கிடைத்திருக்கும் என்று அவர் இயல்பாக எண்ணிய அந்த ஒரு கணம், அவருக்கு நான் சமமாக இருந்தேன். அதை இழக்க மனம் வரவில்லை.

"திருச்செங்கோட்டில்" என்றேன்.

"நன்றாகக் கவனித்தார்களா?"

"ஆமாம்" என்றேன்.

அவர் நிறைவோடு தலையசைத்தார். திருச்செங்கோட்டில் அப்படி ஓர் இடம் இப்போது இருக்கிறது. மலையடிவாரத்தில், ரிக் பட்டறைகளுக்கு நடுவே, காலையில் திறக்கிறது. செந்தில் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டு வெயில் ஏறுமுன் வெளியே வருகிறான். சூரிச்சில், எழுத்துக்கூட்டிக்கூட அந்த ஊரின் பெயரைச் சொல்ல வராத எண்பத்து மூன்று வயது மூதாட்டி ஒருவருக்கு மட்டும் அது தெரியும்.