சிக்னல் இருக்கிற பாறை

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை நான் ஒரு பாறையின் மேல் நின்றுகொண்டிருந்தேன். ஒரு கையில் குடை, மறு கையில் போன், வலது கெண்டைக்காலில் ஒரு அட்டை.

பத்திரிகையின் இந்தப் பக்கத்தில் போடும் என் படம் கழுத்தோடு நின்றுவிடுவதால் உங்களுக்குத் தெரியாது — அதற்குக் கீழே ஒரு தொப்பை இருக்கிறது. அதையும் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு ஞாயிறும் ஏழாம் நம்பர் தேயிலை மலையின் உச்சிக்கு ஏறுகிறேன். ஏன்? அக்கரப்பத்தனைப் பக்கம் எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், போன் என்பது வெறும் டோர்ச் லைட். பேச வேண்டுமென்றால் பாறைக்குத்தான் போக வேண்டும்.

பாறையைக் கண்டுபிடித்தவள் என் மகள் தர்ஷினி. கொரோனா காலத்தில் பாடசாலை போனுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டபோது, குடையோடு மலையெல்லாம் அலைந்து இந்த இடத்தைப் பிடித்தாள். "மழையோ பனியோ, இங்க மட்டும் சிக்னல் நாலு கோடும் முழுசா நிக்கும்ப்பா" என்று பெருமையாகச் சொன்னாள். உயர்தரப் பரீட்சை வரைக்கும் அவளுக்கு வகுப்பறை அதுதான்.

இப்போது அவள் இராணுவத்தில் புதுசாகச் சேர்ந்து, அடிப்படைப் பயிற்சியில் இருக்கிறாள். போனை வாங்கி வைத்துவிடுவார்களாம். ஞாயிறு மாலை கொஞ்ச நேரம் மட்டும் கையில் கிடைக்கும். ஆகவே... பாறை.

செய்தி பரவியதும் லயத்தில் ஆளாளுக்குக் கேட்டார்கள். "நம்ம புள்ளைக்கு எதுக்குங்க அந்த வேல? கொழும்புல துணிக்கடையில நின்னா ஆகாதா?" ஹட்டனில் நான் வேலை செய்யும் புத்தகக் கடைக்கு யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஒருவர் வருவார். அவர், "பிள்ளை சுகமா இருக்கிறாளோ?" என்று மட்டும் கேட்டார். அவர் கேட்காததில் யுத்த காலம் முழுவதும் இருந்தது. நானும் ஒரு பேனாவை எடுத்துத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

அவளிடம் நானே கேட்டேன் — ஏன் பாப்பா?

"தோட்டத்து ஆபீசுக்குப் போனா நீங்க எப்பிடி நிப்பீங்கன்னு பாத்திருக்கீங்களாப்பா? கேள்விக்குறி மாதிரி. எனக்கு நேரா நிக்கணும்."

அன்று கண்ணாடி முன்னால் நேராக நின்று பார்த்தேன். தொப்பைதான் முன்னால் வந்தது.

ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் ஏற்றிவிடும்போது, "புடிக்கலேன்னா ஒடனே வந்துரு" என்றேன். என் மனைவி மகேஸ் முறைத்தாள். கொழுந்து பறிக்கிற கையால் என் முழங்கையைக் கிள்ளினாள். "போற புள்ளைக்குச் சொல்ற பேச்சா இது?"

பாசத்தில் சொன்னேன் என்று சமாளித்தேன். பஸ் ஹட்டனைத் தாண்டுவதற்குள்ளேயே மகளுக்குப் பிடிக்காமல் போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டதை மகேஸிடம் சொல்லவில்லை.

தர்ஷினி இல்லாத வீடு எப்படி? விடியற்காலையில் பேக்டரிச் சங்கு ஊதும். அவள் போர்வையை இன்னும் இழுத்து மூடுவாள். "எந்திரி!" என்று கத்துவது என் வேலை. இப்போதும் சங்கு ஊதுகிறது. கத்துவதற்கு ஆள் இல்லை. மகேஸைப் பார்த்துக் கத்தலாம்தான்... ஆனால் ரொட்டி சுடுவது அவள். அந்த ரொட்டிக்கும் அவள் இன்னமும் மூன்று உருண்டைதான் பிடிக்கிறாள். மூன்றாவதை இருவரும் எடுப்பதில்லை. எங்கள் நாய் கொழுத்துவிட்டது.

மகள் கஷ்டப்படும்போது அப்பன் சும்மா இருக்கலாமா என்று ஒரு காலை வாசலில் தண்டால் எடுக்கப் போனேன். கீழே போனேன். மேலே வரவில்லை. நாய் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டது. மகேஸ் வாளியோடு வந்து நின்று, "என்னாங்க, பல்லு கில்லு விழுந்துருச்சா? தரையில தேடுறீங்க?" என்றாள். எங்கள் வீட்டில் இராணுவப் பயிற்சி அத்தோடு முடிந்தது.

அதற்கடுத்த ஞாயிறு தர்ஷினி போனில் ஒரு கதை சொன்னாள். முதுகில் கனமான பையோடு முதல் நீண்ட நடை. ஒரு மேட்டில் தோள் அறுந்துவிழுகிற மாதிரி இருந்ததாம். அவள் யோசிக்கவில்லை, கை தானாகச் செய்துவிட்டது. தொப்பியைக் கழற்றி, மடித்து நெற்றியில் வைத்து, பையின் இரண்டு வாரையும் அதன் மேல் இழுத்து மாட்டிக்கொண்டு, குனிந்து நடக்க ஆரம்பித்துவிட்டாள். அப்படியே நெற்றியில் கயிறு போட்டு முதுகில் சுமக்கிற கொழுந்துக் கூடை! லீவு நாளில் அம்மாவின் கூடையைக் கொழுந்து நிறுக்கும் இடத்துக்குச் சுமந்துபோன பழக்கம்.

பயிற்சி கொடுக்கிற மேடம் விசில் ஊதி முழு வரிசையையும் நிறுத்தினாராம். "மொகத மே?" — என்ன இது? கூடவே மலைநாட்டிலிருந்து வந்திருந்த சிங்களப் பிள்ளை ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல், "கூடே, மேடம்!" என்று சிங்களத்தில் கூடையின் பெயரைச் சொல்லிவிட்டாள். அன்றைக்குத் தர்ஷினியை மைதானத்தைக் கூடுதலாகச் சுற்ற வைத்தார்கள். அன்றிலிருந்து அங்கே அவள் பெயர் 'கூடே'.

நான் பாறையிலிருந்து விழாத குறையாகச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். வீட்டில் வந்து சொன்னபோது மகேஸ் மட்டும் சிரிக்கவில்லை. "தொப்பிய மடிச்சு வச்சாளாமா? நெத்தி அறுக்காமப் பாத்துக்கிட்டாளே" என்றாள்.

சரி, சென்ற ஞாயிற்றுக்கு வருவோம். போன் அடித்தது. குரலிலேயே தெரிந்தது — சிரிப்பு இல்லை.

"இன்னொரு நட போட்டாங்கப்பா. நா பாதியில விழுந்துட்டேன். என்னாலதான் எல்லாரையும் மறுபடி முதல்லருந்து நடக்க வச்சாங்க. யாரும் ஒண்ணும் சொல்லல. அதுதான்ப்பா..."

"காலு எப்பிடி இருக்கு?"

"கொப்புளம். பக்கத்துக் கட்டில் புள்ள நேத்து வேணாம்னு எழுதிக் கொடுத்துட்டு வீட்டுக்குப் போயிருச்சு. இப்பன்னா விடுவாங்களாம்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அப்பா... நா வந்துரவா?"

இந்த ஒரு கேள்விக்காக நான் எத்தனை ஞாயிறு மலை ஏறியிருக்கிறேன்! 'வாம்மா' என்பது நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. நாளைக் காலையே பஸ் ஸ்டாண்டில் நிற்கலாம். மூன்றாவது ரொட்டிக்கு ஆள் வந்துவிடும். நாய் இளைத்துவிடும். எல்லாம் ஒரு சொல்லில் இருந்தது.

வா என்றால் வந்துவிடுவாள். அதுதான் பயம். வந்து, என்னோடு ஆபீஸ் வாசலில் இன்னொரு கேள்விக்குறியாக நிற்பாளோ?

போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன்.

"என்னா பாப்பா? ஒண்ணும் கேக்கலியே... ஹலோ? சிக்னல் இல்லம்மா!"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். பிறகு, மெதுவாக —

"அந்தப் பாறையிலயாப்பா?"

நான் பேசவில்லை. பேசினால் சிக்னல் இருப்பது தெரிந்துவிடுமே! அவளுக்குப் பின்னால் தூரத்தில் ஒரு பெண் கத்துவது கேட்டது. "கூடே! கன்ட எனவாத?" சாப்பிட வருகிறாயா என்று கேட்கிறாள். சாப்பாட்டுக்குக் கூப்பிட ஆள் இருக்கிறதே என்று ஒரு நிம்மதி... கொஞ்சம் பொறாமையும்.

"எனவா!" என்று திருப்பிக் கத்தினாள் என் மகள். வருகிறேன் என்று. என்னிடமல்ல, அந்தப் பக்கத்துக்கு.

பிறகு என்னிடம், "சரிப்பா. அடுத்த ஞாயிறு எடுக்குறேன். ஈரமா இருக்கும், பாத்து எறங்குங்க."

ஈரமாகத்தான் இருந்தது. பாறையும்.

வாசலில் மகேஸ் நின்றாள். "என்னா சொன்னா?"

"நல்லாருக்காளாம்."

"ஏங்க கண்ணெல்லாம் இப்பிடிச் செவந்து கெடக்கு?"

"அட்ட கடிச்சிருச்சு."

அவள் என்னை ஒரு முறை பார்த்தாள். உள்ளே போய் உப்பு எடுத்துவந்து, குனிந்து, கெண்டைக்காலில் தடவினாள். அட்டை கடித்தால் வலிக்காது என்பது எங்கள் மலையில் தவழுகிற பிள்ளைக்கும் தெரியும்.

எங்கள் வீட்டுப் பெண்கள் தங்கமானவர்கள் — நான் எந்தப் பொய் சொன்னாலும் முதல் தடவையிலேயே நம்பிவிடுவார்கள்.