தொட்டவளுக்கும் பங்கு

ஓம் பிள்ளை, அதைத்தானே சொல்லவந்தனான். நீங்கள் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்து கொஞ்சநாள், உங்களுக்கு எங்க தெரியும்! இலங்கைத்துறையில, கரையில நிண்டு கயிறு பிடிச்சு இழுக்கிற கரைவலை வச்சிருந்த சம்மாட்டியாரின்ர கதை. அவருக்குக் காது ரெண்டும் அகப்பை மாதிரி, பாத்தாச் சிரிப்பு வரும். ஆனா பங்கு மீன் குடுக்கேக்க ஒருத்தற்ற முகத்தையும் பாக்கமாட்டார். கடலைத்தான் பாப்பார்.

என்ர மனுசன் செத்த மூண்டாம் மாசம், வெறும் ஓலைப்பெட்டியோட கரையில நிண்டனான்.

"என்ன புள்ள நிக்கிறாய்? கயித்தில கையை வை" எண்டார்.

"இழுக்க ஏலாது ஐயா, வயித்தில பிள்ளை."

"உன்னை ஆர் இழுக்கச் சொன்னது? தொட்டாலும் பங்குதான். பிச்சை எண்டு நினையாத."

பிறகு வலையை மகனுக்குக் குடுத்திட்டு, இல்லாதப்பட்ட மகளின்ர வீட்டில போய் இருந்தார். கண்ணும் மங்கிப்போச்சு. ஒருநாள் காலமை தடியை ஊண்டிக்கொண்டு வந்து, அவரும் கயித்தைத் தொட்டார்.

"அப்பா, இழுக்கிறவைக்குத்தான் மீன். இடைஞ்சல் பண்ணாம வீட்ட போங்கோ" எண்டான் மகன்காரன். எல்லாருக்கும் முன்னால!

அண்டைக்கு இழுத்த பங்கா என்ர பெட்டியில எட்டுப் பாரை மீன். ரெண்டை அவருக்குக் குடுத்திருக்கலாம். குடுத்தா நாளைக்கு என்னையும் கயித்தில சேர்க்கமாட்டானே? சீலைத் தலைப்பால மூடிக்கொண்டு அவரைக் கடந்தனான்.

"மீன் கிடைச்சதோ புள்ள?" எண்டார்.

"இல்லை ஐயா."

"ஐயோ, அப்ப பிள்ளைக்கு என்ன குடுப்பாய்?"

சீலையை இன்னும் இழுத்து மூடிக்கொண்டு வீட்ட வந்திட்டன். அங்க பாருங்கோ, காயப்போட்ட நெல்லுக்க கோழி! சூ! சூ!