பனி தள்ளுபவள் மீது ஒரு முறைப்பாடு

பனி கொட்டினால் ஊரே படம் எடுக்கும். எங்கள் தொழிலில் இருப்பவர்கள் மண்வாரியைத் தூக்குவோம். ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் நாலு மாடிக் குடியிருப்பு ஒன்றின் ஹவுஸ்மைஸ்டர், அதாவது கட்டடப் பராமரிப்பாளர், நான். காலை ஏழு மணிக்குள் வாசல் நடைபாதையில் பனி இருக்கக் கூடாது. குளிரில் மூக்கு சிவக்க வேலைக்கு ஓடும் உங்களுக்கு, இதற்கு மேல் என் நிலைமையை விளக்கத் தேவையில்லை.

உப்பு

முதல் பனிக்கு, கெட்டிக்காரத்தனமாக நடைபாதை முழுக்க உப்பை அள்ளிக் கொட்டினேன். இங்கே அதற்குத் தடை, சரளைக்கல்தான் தூவ வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. கீழ்வீட்டில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் இருக்கிறார். அவருடைய நாயின் பாதம் எரிந்ததாம். எங்கள் பராமரிப்புக் கம்பெனிக்கு முறைப்பாடு போய்விட்டது.

முதலாளி நம்மவர்தான், யாழ்ப்பாணத்து அண்ணை. எனக்கோ ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடியவில்லை. இந்த வேலை போனால் மறுபடியும் ஹோட்டலில் பாத்திரம் கழுவத்தான் போக வேண்டும்; நினைத்தாலே அழுகை வரும். அண்ணை ஃபோனில் சொன்னார்: “இன்னொரு முறைப்பாடு வந்தா உம்மை வைச்சிருக்க ஏலாது, தங்கச்சி.”

திறந்த ஜன்னல்

ஜனவரியில் மூன்றாம் மாடி கோயம்புத்தூர் இன்ஜினியர் கூப்பிட்டார். ஹீட்டர் வேலை செய்யவில்லை, கம்ப்ளெயின்ட் எழுதி வைத்திருக்கிறேன் என்றார். படியேறி ஓடினேன். வெளியே மைனஸ் பத்து; உள்ளே ஜன்னல் எல்லாம் அகலத் திறந்து கிடக்க, மனிதர் கம்பளியைச் சுற்றிக்கொண்டு லேப்டாப்பில் வேலை பார்க்கிறார்.

தினமும் ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் விடச் சொல்லி வீட்டுக்காரர் எழுதியிருந்தாராம். காலையும் மாலையும் ஐந்து நிமிஷம் போதும் தம்பி என்றேன். கம்ப்ளெயின்ட்டை என் முன்னாலேயே அழித்துவிட்டுப் பாவமாய்ச் சொன்னார்: “மெயில்ல எவ்வளவு நேரம்னு போடலையே, அக்கா!”

அளவு நாடா

அடுத்த பனிக்கு ஆறரைக்கே தள்ளி முடித்து, நிமிர்ந்து நின்று என் வேலையை நானே ரசித்துக்கொண்டிருந்தேன். டீச்சர் நாயோடும் அளவு நாடாவோடும் வந்தார். குனிந்து அளந்தார். நாயும் அவரோடு சேர்ந்து பார்த்தது. “இன்னும் பத்து சென்டிமீட்டர் அகலம் வேண்டும். இவன் என் பின்னால் நடப்பதில்லை, பக்கத்தில்தான் நடப்பான்.”

பஸ் ஓடாத காலை

பிப்ரவரியில் ஒரு நாள், விழுந்த மழை விழுந்தபடியே உறைந்து தெருவெல்லாம் கண்ணாடியாகிவிட்டது. பஸ் ஓடவில்லை. வேலிகளைப் பிடித்துப் பிடித்து நடந்து ஏழரைக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். டீச்சர் வாளியும் கையுமாக நின்றார். நடைபாதை முழுக்கச் சரளைக்கல் தூவியாகிவிட்டது. “உங்கள் முதலாளிக்கு ஃபோன் பண்ணிவிட்டேன்” என்றார்.

வேலை போயிற்று என்றே நினைத்தேன். அப்போதே அண்ணையின் அழைப்பும் வந்தது.

“முறைப்பாடு வந்திட்டுது தங்கச்சி. உம்மிலை இல்லை, என்னிலை! இந்த ஐஸிலை ஒரு பொம்பிளையைத் தனிய விட்டிட்டு நீர் வீட்டிலை இருந்து என்ன செய்யிறீர் எண்டு அந்த டீச்சர் என்னைக் கிழிச்சுப்போட்டா. கொஞ்சம் பொறும், நானும் வாளியோடை வாறன்.”

இந்த நாட்டில் முறைப்பாட்டிலிருந்து யாரும் தப்ப முடியாது. அது முதலாளி பக்கம் திரும்புகிற வரைக்கும் தாக்குப்பிடித்தால் போதும்.